களிமண்ணில் விழுந்த தடம்

செவ்வாய்க்கிழமை காலை போனை எடுத்தது அம்மா. நார்மா ஆன்ட்டி இறந்துவிட்டார் என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. நல்லவேளை, டெக்ஸாஸிலிருந்து பதில் வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது.

நாங்கள் குடியேறிய வெஸ்ட் வின்ட்சரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு டென்னிஸ் சொல்லித்தந்தவர் அவர். இளவயதில் ஊர் ஊராகப் போய் ஆடியவர். முழங்கால் போன பிறகு முப்பது வருஷம் கோச். நடுவர் இல்லாத ஆட்டத்தில் நம் பக்கம் விழும் பந்துக்கு நாம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விரலைத் தூக்கினால் அவுட். உள்ளங்கையைக் கவிழ்த்தால் உள்ளே. "சந்தேகம் இருந்தால் பாயின்ட் எதிராளிக்கு" என்பார்.

நான் ஆடப் போனவள் இல்லை. பத்தாவதோடு பள்ளியை விட்டவள். அவருடைய டென்னிஸ் வகுப்பில் பெயர்ப் பதிவு பார்த்தேன். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கடிதங்களும் எழுதிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர் ஒரு நாள் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். இருபது வயதில் களிமண் தரையில் ஒரு அரையிறுதி ஆட்டம். எதிராளி ரூத் அடித்த பந்து கோட்டைத் தொட்டது, அதாவது உள்ளே. களிமண்ணில் பந்தின் தடம் பதியும். ரூத் வந்து பார்ப்பதற்குள் நார்மா அதை ஷூவால் தேய்த்துவிட்டு விரலைத் தூக்கினார். ஜெயித்தார். அதை ரூத்திடம் ஒப்புக்கொள்ள வேண்டும். "நான் இருக்கும்போதே போய்ச் சேரணும்" என்றார்.

ரூத் டெக்ஸாஸில் எந்த கிளப்பில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அங்கே போன் செய்து விலாசம் கேட்க வேண்டும். தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு நாக்கு எழாது. கடிதம் ஒன்பது நாள் என் பையிலேயே கிடந்தது. அனுப்பியாச்சா என்று அவர் கேட்டபோது தலையாட்டிவிட்டேன்.

அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டாள். "அவங்க படுத்த படுக்கையா இருக்காங்கடி. ஒரு அட்ரஸ் கேக்க இவ்ளோ பயமா? டயல் பண்ணு, நான் பக்கத்துலயே நிக்கறேன்." இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாவது முறை எனக்குக் குரல் வந்தது; விலாசம் வாங்கி அன்றே கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். "நீ அழிப்பதற்கு முன்பே தடத்தைப் பார்த்துவிட்டேன், நார்மா. நாற்பது வருஷமாக உன்னைத் திட்டுகிறேன். இனிமேல் யாரைத் திட்டுவது? போன் பண்ணு."

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். அன்று இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள், பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

போனை வைத்ததும், அந்த ஒன்பது நாளையும் தலையாட்டியதையும் சொன்னேன். என்னைப் பார்த்து விரலைத் தூக்கினார். பிறகு அதை மடக்கி, நடுங்கும் உள்ளங்கையைப் போர்வைமேல் மெதுவாகக் கவிழ்த்தார்.

கவிழ்ந்த அந்தக் கையைத்தான் அவர் நினைவாக எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.