பன்னிரண்டு சென்ட் காணாமல் போன காலை

அக்காவின் வாழைத்தோட்டம் இரணியல் பக்கம் இருக்கிறது. பத்திரப்படி நாற்பத்தெட்டு சென்ட். அதன் அகன்ற பக்கத்தில் மதில் கட்ட, அடுத்த நிலத்துக்காரர் அன்று காலை கொத்தனாரோடு வந்து நூல் பிடிக்கத் தொடங்கியிருந்தார். அவர் வளைகுடாவில் குழாய் பதிக்கும் வேலை பார்த்துத் திரும்பியவர்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். “ஏலே, நெலம் கொறஞ்ச மாதிரி தெரியுது. ஒனக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம் தெரியுமே, வந்து அளந்து பாரு. மதில கெட்டியாச்சுன்னா பின்ன யாரு இடிப்பா?”

சர்வேயர் வர இரண்டு வாரம் ஆகும். மதிலுக்கு இரண்டு நாள் போதும். நான் வர அரைமணி நேரம், அதுதான் வினை.

நிலம் திசைக்குக் கோணலாகக் கிடப்பதால் ஒவ்வொரு மூலையும் ஒரு திசையைப் பார்க்கும். நான்கு மூலை எல்லைக் கற்களிலும் போனை வைத்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்தேன். பத்திரத்தில் எல்லை சொல்லும் அதே வரிசை: கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. நிலத்தை வேறு வரிசையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எண்களை மீட்டராக்கி, தீர்க்கரேகைகள் நம் ஊரில் சற்றே நெருங்குவதற்காக ஒரு கொசைனும் போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை. பிறகு அடுத்தடுத்த புள்ளிகளைக் குறுக்காகப் பெருக்கி, கழித்து, கூட்டி, பாதியாக்கினேன்.

முப்பத்தாறு சென்ட்.

அக்கா தாளில் அந்த எண்ணைப் பார்த்தாள். போய் நூலுக்குக் குறுக்கே நின்றாள். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“பன்னெண்டு சென்ட் ஒங்க பக்கம் போயிருக்கு,” என்றேன் அடுத்த நிலத்துக்காரரிடம்.

“சாரே, என்னையக் கள்ளன்னா சொல்லுதீரு?”

“நான் சொல்லல. கணக்கு சொல்லுது.”

வாழ்க்கையில் நான் பேசிய மிகக் கம்பீரமான வாக்கியம் அது. அவர் முகம் கறுத்தது. மண்வெட்டியின் மேல் இருந்த கை இறுகுவதைப் பார்த்தேன். என் குரல்தான் பெரிதே தவிர, கால்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“அந்தக் கணக்க இங்க தாரும்.”

தாளை வாங்கி, மணலில் நான்கு கல் வைத்து, என் வரிசைப்படி குச்சியால் இணைத்தார். “கெழக்கு. அடுத்து மேக்கு. இது வாழைக்கு நடுவால போகுதே. வேலி பாக்கப் போனா ஒங்க அக்கா இப்பிடித்தான் குறுக்க நடப்பாவளா?”

வடக்கு, தெற்கு, மறுபடி கிழக்கு. கோடுகள் நடுவில் வெட்டிக்கொண்டன. கொத்தனார் எட்டிப் பார்த்தார். “ரெண்டு சமோசாவ முனையில ஒட்டுன மாதிரில்லா இருக்கு.”

எனக்குப் புரிந்துவிட்டது. புள்ளிகளை வேலியோரமாகச் சுற்றி வரும் வரிசையில் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த வரிசையில் நிலம் இரண்டு முக்கோணமாக முறுக்கிக்கொண்டது. சின்னதைப் பெரியதிலிருந்து சூத்திரம் கழித்துவிட்டது. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று மாற்றிப் போட்டேன்.

நாற்பத்தெட்டு. கொஞ்சம் கூடவே.

“எவ்வளவு?” என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நூலைவிட்டு விலகினாள்.

“ஓய், நூல ஓரடி நம்ம நெலத்துக்குள்ள தள்ளிக் கெட்டும்,” என்றார் அவர் கொத்தனாரிடம்.

“வேண்டாம். இருந்த எடத்துலயே கெட்டுங்க,” என்றாள் அக்கா.

“இருக்கட்டு அக்கா. நாளைக்கு இவரு வேற கணக்கு கொண்டு வருவாரு.”

மதில் அப்படித்தான் நிற்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் அவர் விட்ட அந்த ஓரடியில் அக்கா இன்றுவரை ஒரு கன்றும் வைக்கவில்லை.