பதிவில் இல்லாத கால்

அண்ணையின் சப்பாத்து இரண்டையும் மறியலிலிருந்து பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள். வலது சப்பாத்தைப் போடுகிற பொய்க்காலைத்தான் தரவில்லை.

வேலிச் சண்டையில் பக்கத்துக் காணிக்காரன் கொடுத்த முறைப்பாட்டால் அவர் இரண்டு மாதம் சிறையில் இருந்தார். பிறகு வழக்கே நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். முதல் நாள், வாசலில் போட்டிருந்த உடுப்பையும் சப்பாத்தையும் கழற்றாமலே பதிந்து முடித்து உள்ளே விட்ட பிறகு சோதனை போட்டிருக்கிறார்கள். காலுக்குள் ஏதும் ஒளித்திருக்கிறாரோ பார்க்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போனவர்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. சொந்தக் கால் யுத்தத்தில் போனது, பொய்க்கால் மறியலில் போனது. ஒரு மனிசன் ஒரே காலை எத்தனை தரம்தான் பறிகொடுப்பது?

ஊன்றுகோலோடு முற்றத்தில் நடக்கலாம். கரவெட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில், தண்ணீர் விட்ட மண்ணில் அது ஒரு சாணுக்குப் புதையும். அண்ணை வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பொய்க்கால் கொடுத்த இடத்தில் போய்க் கேட்டேன். பழையது மறியலில் தொலைந்தது என்று ஒரு கடிதம் கொண்டு வந்தால் புதுக்கால் தரலாம் என்றார்கள். ஒரேயொரு கடிதம். அதற்குத்தான் நாயாய் அலைந்தேன்.

ஊருக்குள் எனக்கு வாய்க்காரி என்று பெயர். மறியல் கந்தோரில் அந்த வாயும் உதவவில்லை. அங்கிருந்த இளம் அலுவலர் பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். சேர்ட் ஒன்று, களிசான் ஒன்று, சப்பாத்து ஒரு சோடி.

“கால் எண்டு ஒண்டும் பதியேல்லை அக்கா. பதியாத சாமானுக்கு நட்டஈடு கேக்கேலாது. துலைஞ்சதெண்டு கடிதமும் தரேலாது.”

“கால் என்ன சாமானே தம்பி? கழட்டி மேசையிலை வைச்சே பதியிறது?”

“அவர் வாய் திறந்து சொல்லியிருக்கோணும். சொன்னால் எழுதியிருப்பினம். காலோடை எடுத்த படம் ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ, பாப்பம்.”

வீட்டுக்கு வந்து மேசை லாச்சியில் கிடந்த படங்களை எல்லாம் தரையில் கொட்டினேன். எல்லாவற்றிலும் நீளக் களிசான். என் கலியாணப் படத்தில் அவரைக் கதிரைக்குப் பின்னால் நிற்பாட்டியிருக்கிறேன். அவருக்குப் பொம்பிளை பார்த்தபோது எடுத்த படத்துக்கு, களிசான் சப்பாத்து வரைக்கும் விழ வேண்டும் என்று நானே அயன் பண்ணிக் கொடுத்தேன். அந்தக் கண்டறியாத சம்பந்தமும் சரிவரவில்லை.

அந்தப் படத்தையும், கால் கொடுத்தவர்கள் தந்த ரசீதுத் துண்டையும் கொண்டு போனேன்.

“துண்டு, அவர் கால் வாங்கினதுக்குத்தான் சாட்சி. இஞ்சை கொண்டு வந்ததுக்கு இல்லை. படத்திலை ரெண்டு காலும் வடிவாய்த்தானே இருக்கு அக்கா.”

“அப்ப ஒத்தைக் காலிலை கெந்திக்கொண்டு வந்தவருக்கு ஏன் சோடிச் சப்பாத்து எழுதினனீங்கள்?”

அவர் புத்தகத்தை மூடினார்.

வீட்டுக்கு வந்து எல்லாக் கோபத்தையும் அண்ணையில் கொட்டினேன். “பதியேக்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை! ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்?”

“பின்னாலை எங்கடை ஊராக்கள் ரெண்டுபேர் நிண்டவை,” என்றார். “நீதானே பிள்ளை அண்டைக்குச் சொன்னனீ, ஆர் கேட்டாலும் கால் இல்லையெண்டு சொல்லாதேங்கோ எண்டு.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அந்தப் பெண்வீட்டார் படலையைத் திறந்துகொண்டு வந்த நேரம், அவர் காதுக்குள் சொன்னேன். எத்தனையோ வருசம் போய்விட்டது, நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. கந்தோரில் வாய் ஓயாமல் கத்திய நான், கையிலிருந்த அந்தப் படத்தை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.

அடுத்த கிழமை தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம்.