மஞ்சள் தடவி வந்த கோழி

சிங்காநல்லூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் மாசாணியம்மாள்தான் சமையல். எழுபது பேருக்கு மூன்று வேளையும் அவள் கைப் பக்குவம். ஆனால் விடுதியில் அவளுடைய கையைவிட மூக்குக்குத்தான் பெயர் அதிகம். பால் திரிவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். மூடி வைத்த பாத்திரத்தில் நேற்றைய சாம்பார் இருக்கிறதா, இன்றைய சாம்பாரா என்று வாசலில் நின்றே சொல்வாள். கறி வந்தாலும் மீன் வந்தாலும் வார்டன் கயல்விழி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா மோந்து பார்த்தாச்சுங்களா?"

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மாசாணியம்மாளுக்கு வாசனையே தெரியாது. கொரோனா இரண்டாம் முறை வந்தபோது ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் போனது, கூடவே மூக்கும் போனது. நாலு நாளில் வந்துவிடும் என்றார்கள். நாலு மாதம் கழித்துப் பெருங்காய டப்பாவைத் திறந்து அதற்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். வெறும் காற்று. அன்றைக்கு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். மூக்கில்லாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? யாரும் அவளிடம் இப்படிக் கேட்கவில்லை. அவளாகவே கேட்டு, அவளாகவே பதிலும் சொல்லிக்கொண்டு, வீட்டுக்காரரிடம்கூட வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். இதோ, நாலு வருஷம் ஆகிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சமைத்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. மூக்கு செய்த வேலையைக் கண்ணுக்கும் விரலுக்கும் பிரித்துக் கொடுத்தாள். கோழி என்றால் சதை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சாம்பல் தட்டியிருந்தால் வேண்டாம். கட்டை விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே எழும்ப வேண்டும். தோல் ஈரமாக இருக்கலாம், ஆனால் கொழகொழவென்று விரலில் ஒட்டக் கூடாது. கழுவிய பிறகும் அந்தக் கொழகொழப்பு போகவில்லை என்றால் பேச்சே இல்லை, குப்பைதான். றெக்கைக்கு அடியும் தொடை மூட்டும் முதலில் கெடும் இடங்கள். அங்கே கட்டாயம் தொட்டுப் பார்ப்பாள். இதையெல்லாம் முடித்துக்கொண்டு, ஊருக்காக ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "நல்லாருக்குதுங்க" என்பாள். அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான் பொய்.

கோழி எப்போதும் தாஜுன்னிசாவின் கடையிலிருந்து வரும். உயிர்க்கோழியைக் கண் முன்னால் அறுத்துத் தருவதால் பெரிதாகச் சோதிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தாஜுன்னிசா குடும்பத்தோடு தாராபுரத்துக்கு ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டாள். கயல்விழி யாரோ கொடுத்த நம்பரில் வேறு கடைக்குப் போன் செய்து பன்னிரண்டு கிலோ சொல்லிவிட்டாள்.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் கோழி வந்து இறங்கியது. மூடியைத் திறந்தால், பளீரென்று மஞ்சள்!

எங்கள் பக்கத்தில் கோழிக்கறியை மஞ்சள் தடவாமல் அடுப்பில் ஏற்றுவது கிடையாது. மஞ்சள் போட்ட கறி என்றால் சுத்தமான கறி என்று பார்த்தவுடனே மனசு நம்பிவிடும். கயல்விழிக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க்கா, உங்களுக்கு வேலையே வைக்காம மஞ்சளெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்காங்க. மோந்து பார்த்துச் சொல்லுங்க, அண்ணனை அனுப்பிடலாம்."

கடைக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மாசாணியம்மாளின் ஒரு கை முழுக்கத் தேங்காய்ப்பூ. நாலு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. குனிந்தாள், மூச்சை இழுத்தாள், "நல்லாருக்குதுங்க" என்றாள். ஸ்கூட்டர் போய்விட்டது.

கை கழுவி வந்து, கறியை அலசலாம் என்று பாத்திரத்துக்குள் கையை விட்டாள். வழுக்கியது. மஞ்சளும் உப்பும் சேர்ந்தால் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும் என்று தண்ணீரை மாற்றினாள். மஞ்சள் கரைந்து போனது, வழுக்கல் போகவில்லை. இன்னொரு தண்ணீர். ஒரு தொடையை எடுத்து அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்தபடியே இருந்தது. மூட்டைக் கத்தியால் பிளந்தாள். எலும்பை ஒட்டிச் சதை சாம்பலும் பச்சையுமாக இருந்தது.

இன்னும் நாலைந்து துண்டு பார்த்தாள். இரண்டு நன்றாக இருந்தன, மூன்று கெட்டிருந்தன. நேற்று விற்காததை இன்றைய கறியோடு கலந்து மஞ்சளைத் தடவி அனுப்பியிருக்கிறான் மகராசன். அடுப்பை அணைத்துவிட்டு ஆபீஸ் அறைக்கு ஓடினாள்.

"ஏனுங்க மேடம், கறி வேண்டாமுங்க. கெட்டுப்போச்சு."

"என்னங்க்கா சொல்றீங்க? இப்பத்தானே மோந்து பார்த்து நல்லாருக்குன்னீங்க?"

கயல்விழி கடைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்த ஆள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "மேடம், உங்க சமையல்கார அம்மாவே மோந்து பார்த்து நல்லாருக்குன்னுதானுங்களே எறக்குனாங்க? அரை மணி நேரத்துல கெட்டுப்போச்சுங்களா?"

போனை வைத்துவிட்டுக் கயல்விழி பெருமூச்சு விட்டாள். அவள் கெட்டவள் இல்லை, அவசரக்காரி. "அக்கா, நல்ல துண்டாப் பொறுக்கி எடுத்து நல்லா வேக வெச்சுப்போடுங்க. மணி பத்தாகப் போகுது. கொதிச்சா கிருமியெல்லாம் செத்துரும். உங்க மூக்கு இதுவரைக்கும் தப்பாச் சொன்னதில்லீங்க."

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. சளி பிடித்திருக்கிறது, அப்போது தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்த வாரமும் இதே மூக்கை நம்பித்தானே பாத்திரத்தைத் திறப்பார்கள்? மாடியில் எழுபது பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட். ஒருத்தி வாந்தி எடுத்துப் படுத்தால் பார்க்க அம்மா பக்கத்தில் இல்லை. மாசாணியம்மாளுக்கு அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

"எனக்கு மூக்கே இல்லீங்க மேடம்," என்றாள். "கொரோனாவுல போச்சுங்க. நாலு வருஷமா ஒரு வாசமும் தெரியாதுங்க. காலையில சும்மா மோந்து பார்த்தாப்புல சொல்லிப்போட்டேன். பொய்யுங்க. கெட்டதைத் தொட்ட கை எல்லாத்தையும் தொட்டாச்சு, பொறுக்கி எடுத்தா ஆகாதுங்க. வெந்தாலும் கெட்டது கெட்டதுதானுங்க. கை வெச்சுப் பார்த்துச் சொல்றேன், இது வேண்டாம்."

கயல்விழி எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப நாலு வருஷமா எங்களுக்கு நாடகம் காட்டுனீங்களா?"

"மூக்குலதானுங்க நாடகம். கையில இல்லீங்க."

கயல்விழி விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். பிளந்து வைத்திருந்த தொடையை எடுத்து முகர்ந்தாள். அடுத்த கணம் அதைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். ஸ்டோர் ரூமுக்குள் போய் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேடை மேல் வைத்தாள்.

கறி மொத்தமும் குப்பைக் குழிக்குப் போனது. பாத்திரம், மேடை, கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். பன்னிரண்டரைக்குள் முட்டைக் குழம்பு தயாராக வேண்டும். கயல்விழி நிமிர்ந்தே பார்க்காமல் முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை எந்த வார்த்தையில் சொல்லப் போகிறாள் என்று மாசாணியம்மாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள். தனக்கு வேண்டாததை எல்லாம் தானே முதலில் பேசி முடித்துவிடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசி முட்டையை உரித்துவிட்டுக் கயல்விழி கை துடைத்தாள்.

"இனிமே மோந்து பாக்கறது என் வேலைங்க்கா. தொட்டுப் பாக்கறது உங்க வேலை. ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் வண்டி போகணும். மஞ்சள் தடவின கறிய வாங்கவே வேண்டாம்." பிறகு கோபம் ஆறாமல் சேர்த்துக்கொண்டாள்: "முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? ஒத்தையில கெடந்து எத்தனை பாடு!"

மாசாணியம்மாள் உரித்த முட்டைகளைக் கொதிக்கும் குழம்பில் போட்டு மூடினாள். நாலு வருஷமாகத் தன் சமையல் எப்படி மணக்கிறது என்று யாரிடமும் கேட்க முடிந்ததில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும். இப்போது உடைய ஒன்றும் பாக்கி இல்லை. மூடியை எடுத்தாள். ஆவி மேலே வந்தது.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேட்டாச் சிரிக்கக் கூடாதுங்க. கொழம்பு எப்படி மணக்குது?"

கயல்விழி சிரிக்கவில்லை. அடுப்பருகே வந்து குனிந்து கண்ணை மூடினாள். "மொதல்ல கொத்தமல்லி வருதுங்க்கா. அதுக்கப்புறம் சின்ன வெங்காயம், நல்லா வதங்குன வாசம். தேங்காய், சோம்பு..."

"மெதுவாச் சொல்லுங்க அம்மணி," என்றாள் மாசாணியம்மாள்.