ஆட வேண்டிய பலகை

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை. கிறிஸ்ரினாவுக்குக் கொடுத்த மூன்று மாதத் தவணை முடிய இன்னும் நான்கு நாட்கள். தேறினால் நிரந்தரமாகத் திருத்துகிற வேலை. தேறாவிட்டால் பழையபடி துடைக்கிற துணியும் வாளியும்.

பழைய சீன வீடுகளின் மரத் தளபாடங்களைத் திருத்தி விற்கும் பட்டறை அது. டோர்செட் பார்க்கில் அவள் இருக்கும் தொடர்மாடியிலிருந்து பத்து நிமிட நடை. முதலாளி வெண்டி லாவ் அவளிடம் ஒப்படைத்தது ஒரு சிவப்புக் கல்யாண அலுமாரி. கதவுகளில் பொன்வர்ணப் பூக்களும் பட்டம் விடும் பிள்ளைகளும். வயது நூற்றைம்பது இருக்கும்.

இடது கதவின் நடுப்பலகை சட்டத்துக்குள் கடகடவென்று ஆடியது. இங்கே துடைக்க வருமுன் பிறம்ரனில் பதினொரு வருடம் குசினி அலுமாரி செய்தவளுக்கு ஆடுகிற பலகை என்றால் பழுது. போன வெள்ளிக்கிழமை நாலு பக்கமும் பசை விட்டு இறுக்கினாள்.

திங்கள் காலை பார்த்தால், பலகையின் பின்பக்க மூலையில் மயிரிழை வெடிப்பு. வலது கதவைத் திறந்து தட்டினாள். அதுவும் ஆடியது. அப்போதுதான் விளங்கியது: பலகை குளிருக்குச் சுருங்கும், கோடைக்கு ஊதும். செய்தவன் அதற்கு இடம் விட்டிருந்தான். இவள் அடைத்துவிட்டாள்.

பட்டறை லொறியை ஓட்டும் மன்னார்க்காரர் இக்னேசியஸ் குனிந்து பார்த்தார்.

"முன்பக்கம் பெயின்ற் வெடிக்கேல்லைத்தானே? பேசாமல் இரு பிள்ளை. வியாழன் நான் கொண்டுபோய் இறக்கினால் உன்ர தலையிடி முடிஞ்சுது."

"வாங்கினவையின்ர தலையிடி தொடங்கும், அண்ணை. அடுத்த மாரிக் குளிருக்குள்ள உந்தப் பூ ரெண்டாப் பிளந்திடும்."

"அப்ப உன்ர வேலை?"

"தெரியாது. சொல்லப்போறன்."

"மாதாவே! சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்கும் நீ இவ்வளவு அவசரமாப் போனதில்லை."

அவள் சொன்னதைக் கேட்டு வெண்டி கோபப்படவில்லை. ஒட்டியதை எப்படிக் கழற்றுவாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

கிறிஸ்ரினாவிடம் பதில் இருந்தது. அந்தப் பசை சுடவைத்த வினாகிரிக்கு இளகும். ஊசியால், பின்பக்கமாக, சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். ஒரு துளி முன்பக்கம் கசிந்தாலும் பொன்வர்ணம் போய்விடும்.

இரண்டு நாட்கள் பட்டறை முழுக்க ஊறுகாய் மணம். இக்னேசியஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். புதன் பின்னேரம் பலகை மெல்ல அசைந்தது. பூ, பட்டம், பிள்ளைகள், எல்லாம் இருந்தபடியே இருந்தன.

"ஆடுது அண்ணை!" என்று கத்தினாள்.

"ஓம், நீயும்தான் ஆடுறாய்."

வியாழன் அலுமாரி லொறியேறியது. வெடிப்பையும் அதற்குச் செய்த வேலையையும் வெண்டி பற்றுச்சீட்டிலேயே எழுதினார். வாங்கினவர்கள் படித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வெண்டி கிறிஸ்ரினாவை நிரந்தரமாக்கினார். துடைக்கிற வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவித்தல் அன்றே கதவில் ஒட்டப்பட்டது.

திங்கள் விடுமுறை கழிந்து, செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்கு வரப்போவது கால் ஒன்று உடைந்த பச்சை வர்ணக் கட்டில்.