தனக்குத் தானே இரண்டு போட்ட டொக்டர்

என் தங்கை முனவ்வறா மனிதர்களின் வயிற்றை வெட்டித் தைப்பவள். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு முன் வெட்டியவர்கள் இரண்டு பேர்தான்: மாடு வெட்டிய சாச்சாவும், துணி வெட்டும் நானும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, கல்முனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயதும் நான்கு மாதமும். சத்திரசிகிச்சை நிபுணராவதற்கு வெளியூர் வைத்தியசாலையொன்றில் பயில்கிறாள். இதை நான் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இரண்டாம் முறை வந்தவர்களுக்கு இரண்டு முறை.

அந்தப் பயிற்சியில் ஆறு மாதத்துக்கொரு படிவம் நிரப்ப வேண்டும். இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றிலும் தன் திறமைக்குத் தானே ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட வேண்டும். பொறுப்பான நிபுணரும் அதே படிவத்தைத் தனியாக நிரப்புவார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

முனவ்வறா இருபத்திரண்டுக்கும் இரண்டு போட்டாள்.

வளர்ந்த வீடு அப்படி. அவள் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தபோது உம்மா பக்கத்து வீட்டில் சொன்னது, "என்னமோ பாஸாகிட்டாள்" என்று. கண்ணூறு படுமாம். தான் அவித்த வட்டிலப்ப இனிப்பை யாராவது புகழ்ந்தால், "முட்டை மணக்குது, குறை நினைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு வைப்பார். அந்த உம்மாவின் பிள்ளை எங்கே போய் நாலு போடுவது?

பொறுப்பான நிபுணர் டொக்டர் பவிதரன். அவர் இருபத்திரண்டுக்கும் நாலு போட்டிருந்தார்.

"நீங்க உண்மையாவே ரெண்டா? அப்ப உங்களத் தனிய வெட்ட விட்ட நான் மடையன். இல்லாட்டி உங்களையே அளக்க உங்களுக்குத் தெரியாது. எது, பிள்ள?"

திரும்ப நிரப்ப ஒரு வாரம் கொடுத்தார். அப்போதும் புள்ளிகள் ஒத்து வராவிட்டால் பயிற்சி ஆறு மாதம் நீளும். அந்த வருடப் பரீட்சையும் எழுத முடியாது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவளுக்கு அண்ணன் என்ற உரிமையில் ஆலோசனை சொன்னேன். "எல்லாத்துக்கும் அஞ்சு போடு."

"அஞ்சு போட்டா நான் அவருக்கே படிப்பிச்சுக் குடுக்கலாம் எண்டு அர்த்தம், காக்கா."

"அப்ப அவர் போட்ட நாலையே போடு. விசயம் முடிஞ்சுது."

"அது அவர் என்னப் பத்தி நினைக்கிறது. என்னட்டக் கேக்கிறது நான் நினைக்கிறத." படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "சரி, நீங்க உங்களுக்குப் போடுங்க பாப்பம். கொலர்?"

"அஞ்சு."

"பட்டன் ஓட்டை?"

"அஞ்சு."

"பொம்பிளைகள்ட அபாயா?"

"அதுவும் அஞ்சுதான்."

"மதினி! காக்காட அபாயாக்கு எத்தன போடுவீங்க?"

என் மனைவி முஸ்பிறா குசினியிலிருந்து சொன்னாள்: "ரெண்டு. கழுத்து இழுக்கும். அந்த ரெண்டும் மனுசன்ட முகம் வாடிரும் எண்டுதான் போடுறன்."

பதினெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. தங்கை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தான் செய்த சிகிச்சைகளைக் குறித்து வைக்கும் கொப்பியை எடுத்தாள். தனியாக முடித்தது எது, நடுவில் மூத்த டொக்டர் கைகொடுத்தது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்பினாள். அநேகமாக நாலும் மூன்றும் விழுந்தன. தையலுக்கு ஐந்து போட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பதினேழாவது கேள்வி, தேவைப்படும்போது மூத்தவரை உதவிக்கு அழைப்பது. அதற்கு ஒன்று போட்டாள்.

"உனக்கென்ன விசரா? அவர் நாலு போட்டிருக்காரே! அவருக்குத் தெரியாததக் கொண்டு போய்க் காட்டப் போறியா? ஆறு மாசம் போகும்டி!"

"போனாப் போகட்டும். அவருக்குப் போன் கோல் எடுக்க எனக்கு வெட்கம். ஒரு தரம் ஒரு ஆளுக்கு ரெத்தம் நிக்கல்ல. இருவது நிமிசம் தனியக் கிடந்து மல்லுக்கட்டினன். நல்ல காலம், அந்த ஆள் பிழைச்சிட்டார்."

படிவம் நிரம்பியதும் நானே அதை மடித்து அவளுடைய பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை நடந்ததை அவளிடம் மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே எழுதுகிறேன். டொக்டர் பவிதரன் பதினேழில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். அவள் அந்த இருபது நிமிடத்தைச் சொன்னாள்.

"ஏன் என்னைக் கூப்பிடல்ல?"

"நீங்க கலியாண வீட்டில இருந்தீங்க, சேர்."

"அந்தச் சோத்த நிம்மதியாத் திண்டனெண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்." பேனையை எடுத்துத் தன் படிவத்திலிருந்த நாலை வெட்டி ஒன்று என்று எழுதினார். "இதில நான்தான் பிழை. மத்ததெல்லாம் ஒரு புள்ளி கூடக் குறைய ஒத்து வருது. பரீட்சைக்குப் போங்க. ஆனா இனிமேல் கத்தியைத் தொட முந்தி ஒவ்வொரு தரமும் எனக்குக் கோல் வரவேணும்."

இப்போது அவளுடைய பெயர் போனில் விழுந்தாலே டொக்டரின் மனைவி அவருடைய சாப்பாட்டை மூடி வைத்துவிடுகிறாராம். போன மாதப் படிவத்தில் பதினேழாவதுக்கு இருவரும் மூன்று போட்டிருக்கிறார்கள். நான் என்றால் நாலு போட்டிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.