படகுக்காரர் முறைத்து நின்ற இடம்

படகுக்காரருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, "கொஞ்ச நாள் நீ ஓட்டு" என்று துடுப்பை மனைவியிடம் கொடுத்ததே அவர்தான். அவள் ஏதோ ஒப்பேற்றுவாள் என்று நினைத்தார். இப்போது கை தேறிவிட்டது. துறையில்தான் அவரைச் சீந்த ஆளில்லை.

அவர் துடுப்பைத் தொட்டாலே, "அக்கா வரலையா?" என்பார்கள். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "தப்பா நினைக்காதீங்கண்ணே. அக்கா ஓட்டினா ஒரு சொட்டுத் தண்ணி மேல படாது. நீங்க ஓட்டினா நனைஞ்சுதான் டியூட்டிக்குப் போறேன்."

தலை நரைக்கும்வரை இதே ஆற்றில் துடுப்பு வலித்தவருக்கு இந்தப் பேச்சு! அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. மனைவி படகை எடுத்ததும் கடைசிப் படியில் இடுப்பில் கைவைத்து நின்று, எங்கே பிசகுவாள் என்று முறைத்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தப்பு போதும், துடுப்பு தன் கைக்கு வந்துவிடும். துடுப்பு வலிக்கிறவர் போகிற பக்கம் முதுகு காட்டித்தானே உட்கார வேண்டும்? அவளும் இவரைப் பார்த்தபடியே, சத்தமில்லாமல் துடுப்பை இறக்கி, எதிர்த்துறையில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பாவி, ஒரு தடவையாவது தடுமாறக் கூடாதா?

ஒருநாள் காலை பார்க்கச் சகிக்காமல் விருட்டென்று டீக்கடைக்குப் போய்விட்டார். டீயை வாயில் வைப்பதற்குள் ஆற்றில் கூச்சல். படகு துறையைத் தவறவிட்டு, கீழே சேற்றுத் திட்டில் ஏறி நின்றது. செருப்பைக் கையில் பிடித்தபடி நர்ஸம்மா முழங்கால் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். படகுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

திரும்பி வந்த மனைவியிடம், "நல்லா ஓட்டிக் கிழிச்ச" என்று ஆரம்பித்தார்.

"நீங்க எங்கங்க தொலைஞ்சீங்க?" என்று அவள் எகிறினாள். "உங்க தலையும் பின்னால இருக்குற தண்ணி டேங்கும் ஒரே கோட்டுல இருக்கான்னு பாத்துத்தானே நேரா போறேன்! நடு ஆத்துல பாத்தா ஆளையே காணோம்."

"அதுக்கு நான் எதுக்கு? ஒரு கம்பை நட்டு வச்சுக்க."

"கம்பு அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. நீங்க முறைக்கிறது அக்கரை வரைக்கும் தெரியுது."

அவர் திரும்பித் தண்ணி டேங்கைப் பார்த்தார்.

மறுநாள் நர்ஸம்மாவே, "அண்ணே, இனிமே நீங்களே ஓட்டுங்க" என்றாள். மனைவி துடுப்பை நீட்டினாள். தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பளீர் சிவப்புச் சட்டையில் வந்திருந்தார் அவர். துடுப்பு கிடைத்த குஷி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அவளே ஓட்டட்டும். நேத்து இடம் மாறினது நான்தான்" என்றார்.

படகு கிளம்பியது. அவர் கடைசிப் படியில் இறங்கி, இடுப்பில் கைவைத்து, பழையபடியே பொறாமையோடு முறைத்தார். மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. படகு அக்கரை சேரும்வரை அவர் அதை விரட்டவில்லை.