கதவுக்கு உள்ளே இருந்து வந்த பதில்

பேயைப் பார்த்தேன் என்று எவனாவது சொன்னால், "எந்தக் கடைச் சரக்கு?" என்று கேட்கிற ஆள் நான். இன்றைக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்தது என் தங்கை வீட்டில், பட்டப்பகலில். பாதியை என் காதாலேயே கேட்டேன். மீதி தங்கை புருஷன், எங்கள் மாப்பிள்ளை, சொன்னது. அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒருமுறை லீவு போட ஜுரம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கவலையில் நிஜமாகவே ஜுரத்தில் படுத்த மனுஷர்.

மாப்பிள்ளைக்குப் பல் செட் செய்கிற தொழில். பழைய கேமராவில் படம் எடுத்து, வீட்டிலேயே பிலிம் கழுவுவது பொழுதுபோக்கு. தங்கமான ஆள்தான். ஆனால் ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் விடமாட்டார். அப்படித்தான் பழைய சாமான் கடையில் சும்மா கொடுத்த ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே டெவலப்பர். பிலிமில் படத்தை வரவழைக்கிற மருந்து. புதியது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். இது கஷாயம் மாதிரி கறுத்திருந்தது.

"காலாவதியானதுங்க. கொட்டிடுங்க," என்றாள் தங்கை.

"வயசானா வேகம்தான் குறையும். ரெண்டு மடங்கு நேரம் விட்டா சரியாயிடும்."

குளியலறைதான் அவருடைய டார்க் ரூம். ஜன்னலில் கறுப்பு அட்டை. கதவிடுக்கில் பழைய போர்வை. பிலிம் கழுவுகிற டப்பா உடைந்துபோனதால், அன்று பழைய காலத்து முறையில் இறங்கினார். பேசினில் மருந்து. பிலிமின் ஒரு நுனி வலது கையில், மறு நுனி இடது கையில். ஒரு கை ஏற, மறு கை இறங்க, நடுவில் தொங்கும் பிலிம் மருந்தில் நனைந்து நனைந்து போகும். எல்லாம் கும்மிருட்டில். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் பிலிம் போச்சு.

ஹாலில் என் மருமகள், தங்கை பெற்ற பாப்பா, கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயது. வீசிங் உள்ள பிள்ளை. அன்று லேசாகச் சளி வேறு. மாப்பிள்ளை அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டார். வண்டிச் சாவி அவர் பாக்கெட்டிலேயே இருந்தது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. ஏறும் கை, இறங்கும் கை. சளக்… சளக்… வெளியே டி.வி. சத்தம் கேட்டது. பாப்பா இருமுவதும் கேட்டது.

பிறகு டி.வி. சத்தம் நின்றது. யாரோ அணைத்திருப்பார்கள் என்று நினைத்தார். ஆனால் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தமும் இல்லை. தெருச் சத்தமும் இல்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

மருந்து சுட்டது. கொதிக்கவில்லை… உடம்புச் சூடு. பச்சைத் தண்ணீரில் கலந்த மருந்து எப்படிச் சுடும்?

நெற்றியில் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைப்பதற்காக வலது கையைப் பிலிமிலிருந்து எடுத்தார். அந்த நுனி தொப்பென்று மருந்தில் விழ வேண்டும்.

விழவில்லை.

சளக்… சளக்… அவர் இடது கை தானாக ஏறி இறங்கியது. எதிர்ப்பக்கம் யாரோ அதே வேகத்தில் ஏற்றி இறக்கினார்கள்.

வலது கையை நீட்டித் துழாவினார். யாரும் இல்லை. சுவரும் இல்லை. ரெண்டு எட்டு வைத்தால் முட்டுகிற குளியலறை அது.

இடது கையை உதறினார். பிலிம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தாழ்ப்பாளைத் தேடினார். கிடைக்கவில்லை. கத்தினார். வாய் திறந்தது… குரல் வரவில்லை.

சளக்…

சளக்…

டமார்!

கதவை உடைத்தது நான்தான். மாப்பிள்ளை அப்படியே என்மேல் சரிந்தார். "மச்சான்… உள்ள… யாரோ…" அதையெல்லாம் கேட்க நேரமில்லை. பின்னால் தங்கை நின்றாள். அவள் தோளில் பாப்பா. உதடு நீலம் பாரித்திருந்தது. மாப்பிள்ளை பாக்கெட்டில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். வண்டியை நான் எந்த வேகத்தில் ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பாப்பா பிழைத்தாள். அது போதும் எனக்கு. ஆனால் தங்கைக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

"கால் மணி நேரம் தட்டினேன். உங்க பிள்ளையை விட பிலிம் பெரிசா?"

"நீ எங்க தட்டினே? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

"கேக்காமலா பதில் சொன்னீங்க?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? தங்கை போனில் கூப்பிட்டதும் நாலு வீடு தள்ளியிருந்து ஓடி வந்தவன் நான். கதவைத் தட்டி, "மாப்பிள்ளை, பாப்பாவுக்கு மூச்சு முட்டுது!" என்று அலறினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அஞ்சு நிமிஷம் மச்சான். திறக்காதீங்க. பிலிம் போயிடும்."

சத்தியமாக அது மாப்பிள்ளை குரல். ஆனால் பாப்பா தும்மினாலே நடுங்குகிற மனுஷர், அவ்வளவு நிதானமாகப் பேசினார். அந்த நிதானம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் கதவை உடைத்தேன்.

பிலிம் முழுக்கக் கறுத்துப்போனது. அதில் முகம் கிகம் எதுவும் தெரியவில்லை. கதை விடுகிறவனாக இருந்தால் அதையும் சேர்த்திருப்பேன்.

தங்கையும் மாப்பிள்ளையும் பேசாமலே நாட்கள் போயின. பொறுக்க முடியாமல் நான் அந்தப் பழைய சாமான் கடைக்குப் போனேன். பாட்டில் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் கடைக்காரருக்கு முகம் வெளுத்தது.

"ஒரு போட்டோக்காரர் வீட்டு அம்மா கொடுத்தாங்க சார். அவங்க பையனுக்கு வலிப்பு வந்துச்சாம். டார்க் ரூம் கதவைத் தட்டியிருக்காங்க. உள்ள இருந்து புருஷன் குரல்… அஞ்சு நிமிஷம், திறக்காதேன்னு. தட்டத் தட்ட அதே பதில். பையன் மடியிலேயே போயிட்டான்."

"பாவி மனுஷன்!" என்றேன்.

"அவரைத் திட்டாதீங்க சார். அவர் உள்ளேயே இல்ல. அந்தம்மா அசந்து தூங்கினப்போ, டார்க் ரூம் வேலையை முடிச்சுட்டு, எழுப்ப வேண்டாம்னு ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கிளம்பிட்டாரு. சாயங்காலம் தோள்ல கேமராவோட வாசல் வழியா உள்ள வந்தாரு. அந்தம்மா மடியில பையனை வச்சுக்கிட்டு, அந்தக் கதவையே பார்த்து உட்கார்ந்திருக்காங்க. திரும்பக்கூட இல்ல. 'யாருங்க? சத்தம் போடாதீங்க… அவர் இப்ப வெளிய வந்துடுவார்'னு, அவர்கிட்டயே சொன்னாங்களாம்."